தேனுஜனின் ஒன்பது கட்டங்கள்

தேனுஜனுக்குக் கணினியில் பெரிய படிப்பு. அந்தப் படிப்பு முழுவதையும் ஒரு திரையில் கொட்டி, எண் நிரப்பவேண்டிய ஒன்பது கட்டங்களாக ஒரு வியாழக்கிழமை என் முன்னால் வைத்தார். கொட்டாஞ்சேனைச் சமையலறையிலிருந்து வெள்ளவத்தைக் காரியாலயங்களுக்கு மத்தியானச் சோற்றுப் பார்சல் அனுப்புகிறவள் நான். எந்த வாசல் முதலில், எது பிறகு என்று கண்டுபிடிக்க நான் செய்யச் சொல்லியிருந்த மென்பொருளாம்.

"ஒரு ரூட்டை எடுத்து ரெண்டு இடத்தை மாத்திப் பாக்கும், அன்ரி. நல்லா வந்தா வச்சுக்கொள்ளும். சிலநேரம் கூடாததையும் ஏற்கும். எவ்வளவு ஏற்கவேணும் எண்டு நீங்கள்தான் இதில போடவேணும்."

"எவ்வளவு போட?"

"அது நிலைமையைப் பொறுத்தது."

மருந்துக்கடைக்காரன் போத்தலை நீட்டி, எத்தனை கரண்டி என்று நோயாளியிடமே கேட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் தலையாட்டினேன். படிக்காதவள் என்று நினைத்துவிடுவாரோ என்ற வெட்கம். ஒன்பதையும் அவரே தன் இஷ்டத்துக்கு நிரப்பிவிட்டுப் போனார்.

மறுநாள் காலி வீதியிலுள்ள ஒரு காப்புறுதிக் கம்பனிக்கு முதன்முதலாகப் பதினைந்து பார்சல். நேரத்துக்கு வந்தால் தினமும் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மென்பொருள் அந்தக் கம்பனியைக் கடைசியில் தள்ளியது. அப்படிப் போனால் தூரம் குறைவாம். வேன் ஓட்டும் ரிம்ஸான் முணுமுணுத்தான். "கம்பியூட்டர் சொன்ன மாதிரிப் போ" என்று நானே அவன் வாயை அடைத்தேன்.

பன்னிரண்டு பத்துக்கு ரிம்ஸான் அழைத்தான். "ராத்தா, கம்பனி மட்டும்தான் மிச்சம் ஈக்கி. ஜும்ஆவுக்கு நேரமாகிட்டு. தொழுதிட்டு வந்து குடுக்கிறன்."

கொடுக்கப் போனபோது ஒன்றேகால். அவர்கள் பக்கத்துக் கடையில் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். இனி வேண்டாம் என்று பதினைந்தையும் திருப்பி அனுப்பினார்கள்.

பின்னேரம் தேனுஜன் வந்தார். "வெள்ளிக்கிழமை வேன் நிக்கும் எண்டு எனக்குத் தெரியாது, அன்ரி."

இதே கொழும்பில், ஹெவ்லொக் டவுனில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகை தெரியாதாம்! இவருக்கெல்லாம் யார் பட்டம் கொடுத்தார்கள்?

"ஏழாவது கட்டத்தைக் குறைச்சிருந்தா..." என்று இழுத்தார்.

"கட்டத்தெ எல்லாம் தூக்குங்க. எத்தன மணிக்குள்ள முடியணும்னு மட்டும் என்னக் கேளுங்க. மிச்சத்தெ ஒங்கட மெஷின் பாக்கட்டும்."

"அப்பிடிச் செய்தா ஆரும் பாவிக்கலாமே" என்றார், ஏதோ குறை சொல்வதுபோல.

"அதுக்குத்தானே செய்யச் சொன்ன!" என்று கத்திவிட்டேன்.

பயந்துபோய் மடிக்கணினியைத் திறந்தார். ஒன்பது கட்டங்களையும் எடுத்துவிட்டு நேரத்தைக் கேட்கும் ஒன்றைப் போட அவருக்குக் கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. விளங்கவில்லை என்று வியாழக்கிழமையே சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை.