கழிக்காமல் விட்ட செலவு

"மாமா, ராம்கியோட டாக்டர் பில் ஏதாவது அவர் போனப்புறம் நீங்க கட்டினேளா?" என்று ஆடிட்டர் ஸ்ரீவித்யா கேட்டதும், வைத்தீஸ்வரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அமெரிக்காவில் அவர் பிள்ளை ராம்கியின் சம்பளத்திலிருந்து வைத்தியச் செலவுக்கென்று மாதாமாதம் ஒரு தொகை வரி பிடிக்காமல் தனிக் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தது. போன மார்ச்சில் அவன் இறந்ததும் மிச்சமிருந்தது நாமினியான அவன் அம்மா சுப்புலக்ஷ்மிக்கு வந்தது. அது முழுக்க அவளுடைய வருமானம், அந்த ஊருக்கு ரிட்டர்ன் போட்டு வரி கட்ட வேண்டும் என்றாள் ஸ்ரீவித்யா. பிள்ளை பாக்கி வைத்த வைத்தியச் செலவை ஒரு வருஷத்துக்குள் மாமி கட்டியிருந்தால் அதை மட்டும் கழித்துக்கொள்ளலாம். ரசீது வேண்டும்.

ரசீது இருந்தது. பெங்களூர் மல்லேஸ்வரம் வீட்டு பீரோவில், எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு அடியில். மனநல மருத்துவரிடம் ராம்கி போன பதினோரு வியாழக்கிழமைகளும் அதில் தேதியோடு இருந்தன. மே மாதம் தன் பேரிலும் மனைவி பேரிலும் இருந்த பாங்க் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் கட்டினார். ராம்கியோடு ஒரே வீட்டில் இருந்த பையன், அவன் இறந்த அன்று போனில் அழுதுகொண்டே, "ஹார்ட் அட்டாக் இல்லை அங்கிள்" என்று சொன்னது அவருக்கு மட்டும்தான் தெரியும். சுப்புலக்ஷ்மியிடம், தூக்கத்திலேயே ஹார்ட் அட்டாக்கில் போய்விட்டான் என்று சொல்லியிருந்தார். பொதுப்பணித் துறையில் முப்பத்திரண்டு வருஷம், முடிந்த வேலையைக் கணக்கெழுதும் அளவுப் புத்தகத்தில் ஒரு பொய் எழுதாதவர்.

"இல்லேம்மா. ஒண்ணும் கட்டலை."

"அப்போ அந்த இடத்துல பூஜ்யம் போட்டுடறேன். வரி ஜாஸ்தியாகும், பரவாயில்லையா?"

"ஆகட்டும்."

சுப்புலக்ஷ்மி விதான சௌதாவில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டாள். சாப்பாட்டு மேஜையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு வரிவரியாக விரலை ஓட்டினாள். விரல் நின்றது.

"இங்க ஏன் பூஜ்யம்?"

"அவனுக்கு வைத்தியச் செலவுன்னு ஒண்ணும் இல்லை. அதான்."

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்லை."

அவள் அந்தப் பூஜ்யத்தின் மேல் விரலை வைத்தபடியே சொன்னாள்.

"சங்கராந்திக்குப் பேசினப்போ, தூக்கமே வரலைம்மான்னான். பால்ல ஜாதிக்காய் இழைச்சுக் குடிடான்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டேன். சமையல் பாதியில இருந்தது." குரல் உடையவில்லை, ஆபீஸில் குறிப்பு வாசிப்பதுபோல் சமமாக இருந்தது. "டாக்டர்கிட்ட போடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னா போயிருப்பான். பணம் வேற அப்படியே கிடந்திருக்கு பாருங்கோ, அதுக்குன்னே."

போனான். பதினோரு தடவை போனான். அதைச் சொன்னால் எதற்குப் போனான் என்று கேட்பாள். அடுத்த கேள்வி, அதற்கடுத்தது. கடைசிக் கேள்விக்கு அவரிடம் இருந்த பதிலை அவராலேயே ஒரு வருஷமாக நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"சுப்பு..."

"எங்க போடணும்?"

மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதி கூறும் வாசகத்தின் கீழே நீளமாக ஒரு கோடு. வைத்தீஸ்வரன் விரலால் காட்டினார். அவள் பேனா மூடியைத் திறந்து குனிந்தாள். விரலை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. அது கோட்டின் மேலேயே இருந்தது. பேனா முனை நகத்தருகே வந்து காத்துக்கொண்டிருந்தது.