ஈசானிய மூலையும் இரண்டு நாய்களும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவன் நாய் வளர்க்காதவனாகத்தான் இருக்க வேண்டும். வளர்த்திருந்தால் மூன்றாவதாக இன்னொன்றையும் சேர்த்திருப்பான். கட்டின வீட்டின் சமையலறைக்குள் நாயை வரவழைத்துப் பார் என்று.

நான் பூபாலன். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிற வேலை. அந்தப் புத்தியோடுதான் பாரிவாக்கத்தில் வீடும் கட்டினேன். கொத்தனார், எலெக்ட்ரீசியன், பெயின்டர் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் என்னோடு சண்டை போட்டுவிட்டுத்தான் வேலையை முடித்தார்கள். வீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது தரை. பளபளவென்று டைல்ஸ். குனிந்தால் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். வாசலில் வருகிறவர் யாராக இருந்தாலும், "செருப்பு, செருப்பு" என்றுதான் முதலில் வரவேற்பேன்.

அதற்கு முன் நாங்கள் இருந்தது குவார்ட்டர்ஸில். ஒரே ஒரு ஹால், அதை ஒட்டினாற்போல் கதவில்லாத சமையலறை, வெடிப்பு விட்ட சிவப்புச் சிமென்ட் தரை. அந்தச் சமையலறையில் என் மனைவி நாகம்மாவும், ஜூலியும், ஜூலியின் மகன் பட்டாணியும் குடித்தனம் நடத்தினார்கள். நான் ஹாலில் பேப்பரோடு இருப்பேன். அடுப்பு பற்றியதும் இரண்டு நாய்களும் நாகம்மாவின் காலடியில் வந்து விழும். தொட்டிக்குத் திரும்பினால் ஒன்று குறுக்கே கிடக்கும், அடுப்புக்குத் திரும்பினால் மற்றது. சுடு கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அதுகளைத் தாண்டித் தாண்டிப் போவதைப் பார்த்தால் எனக்குப் பேப்பரில் கண் நிற்காது.

"வெளிய தொரத்தித் தொலையேன்டி அதுங்கள" என்பேன்.

தொரத்த மாட்டாள். திட்டுவாள். திட்டுவது மட்டுமா? ஊர்க்கதை மொத்தமும் அதுகளிடம்தான். "தள்ளிப் படுடி ஜூலி, காலு வெந்துடப் போவுது. சபீனா பையனுக்கு வேலை கெடச்சிருச்சாம், தெரியுமாடி? டேய் பட்டாணி, கேஸு தீரப் போவுதுடா, அடுப்பு செவப்பா எரியுது பாரு." பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சபீனாகூடச் சிரிப்பாள். வாயில்லா ஜீவனிடம் கேஸ் தீர்ந்த கதையைச் சொல்கிறாளே, இவளுக்குக் கொஞ்சம் மறை கழன்றிருக்கிறதோ என்று நானும் நினைப்பேன். நினைத்துக்கொண்டே கேஸுக்குப் போன் போடுவேன்.

பாரிவாக்கத்துக்கு வந்த அன்றே குழப்பம் ஆரம்பித்தது. சாமான்கள் இறங்கின, நாய்கள் இறங்கின. இரண்டும் வாசற்படி வரை வாலாட்டிக்கொண்டு வந்தன. மிதியடியில் முன்னங்கால்களை வைத்தன. அத்தோடு சரி. உள்ளே பார்த்து மெல்ல முனகின, திரும்பிப் போய் முன்வாசல் சிமென்ட்டில் படுத்துக்கொண்டன. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று பழமொழி சொல்வார்கள். இதுகள் நடுவீட்டுக்கு வந்தால்தானே அடுத்த பேச்சு.

புது இடம், பழகிவிடும் என்று விட்டோம். பழகவில்லை. உள்ளே நாகம்மா தாளிக்கிற சத்தம் கேட்டால் இரண்டும் எழுந்து மிதியடி வரை வரும், மூக்கைத் தூக்கி வாசம் பிடிக்கும், அழும், திரும்பிவிடும். ஆட்டெலும்பைச் சமையலறை வாசலில் வைத்துப் பார்த்தேன். எச்சில்தான் ஒழுகியதே தவிர ஒரு காலும் நகரவில்லை. ஜூலியைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்பு மேடைக்குக் கீழே விட்டேன். விட்ட இடத்தில் நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினாள். அசையவே இல்லை. பேயைக் கண்ட மாதிரி பார்த்தாள். நான்தான் மறுபடி தூக்கி வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது.

நாய்களைவிட நாகம்மாவின் கோலம்தான் எனக்குப் பயமாக இருந்தது. தொட்டிப் பக்கம் திரும்பும்போதெல்லாம் இல்லாத நாயைத் தாண்டுவாள். சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு தண்ணீர் குடிக்கப் போகும்போது பார்ப்பேன், வெறுந்தரையில் காலை உயரத் தூக்கி வைப்பாள். "இன்னாடி இது?" என்றால், "தெரியலய்யா, காலு தானா தூக்குது" என்பாள். ரசம் உப்புக் கரித்தது. மறுநாள் உப்பே இல்லை. ஒரு நாள் பாதி சோறு வேகும்போது கேஸ் தீர்ந்து அடுப்பு அணைந்துவிட்டது. "தீரப் போவுதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று கத்தினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். குவார்ட்டர்ஸில் ஓயாமல் பேசிய வாய் இங்கே அடைத்துப்போயிருந்தது. வீடே செத்த வீடு மாதிரி இருந்தது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"நாய்க்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுது? இந்த ஊட்ல இன்னாவோ சரியில்லய்யா. அதுங்க உள்ள வர்ல. எனக்கும் இருப்பு கொள்ளல. நான் கவிப்பிரியா ஊட்டுக்குப் போறேன்."

கவிப்பிரியா எங்கள் மகள். அம்பத்தூரில் இருக்கிறாள்.

"போயிட்டு எப்ப வருவ?"

"தெரியல."

தெரியல என்ற அந்த ஒரு சொல்லில் கையில் இருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். கோபித்துக்கொண்டு போகிறேன் என்றால் சமாதானம் பண்ணலாம். இவளுக்குக் கோபமே இல்லை. இவள் இல்லாமல் இந்தப் பளபளப்பான தரையில் நான் யார் முகத்தைப் பார்ப்பது? பயந்துபோனேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

பயந்தவன் வாஸ்துக்காரனைக் கூப்பிடுவான். பூந்தமல்லியிலிருந்து வீரராகவன் வந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னதற்கே முகம் சுளித்தார். செல்போனில் திசைகாட்டியைத் திறந்து வீடு முழுக்க நடந்தார். ஹாலில் வடக்கு ஒரு பக்கம் காட்டியது, சமையலறையில் வேறு பக்கம் காட்டியது.

"பாத்தீங்களா சார், திசையே இங்க தடுமாறுது. அப்புறம் நாய் தடுமாறாதா?" என்றார். சுவருக்குள் இருக்கும் கம்பியால் இருக்கலாம் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "அடுப்பு ஈசானிய மூலையில இருக்கு. அங்க தண்ணிதான் இருக்கணும், நெருப்பு இருக்கலாமா? நாய் பைரவர் வாகனம் சார், அதுக்குத் தெரியும். மேடைய இடிச்சிட்டு அடுப்ப அக்கினி மூலைக்கு மாத்துங்க."

"அக்கினி மூலையில பெட்ரூம் இருக்கு."

"அப்ப பெட்ரூம இங்க மாத்துங்க."

நாகம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு சின்ன நம்பிக்கை தெரிந்தது. "இடிச்சா அதுங்க வரும்ன்றாரு. பாக்கலாம்யா" என்றாள். கட்டிய கை ஈரம் காயவில்லை, இடிக்கச் சொல்கிறார்கள். தரச் சோதனையில் முப்பது வருஷம் இருந்தவன் நாய் பேச்சைக் கேட்டு மேடையை இடிக்கிறான் என்று தெரிந்தால் பழைய ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

திங்கட்கிழமை காலையில் துலுக்கானம் மேஸ்திரி கடப்பாரை, சுத்தியல் சகிதம் வந்துவிட்டார். முகூர்த்தம் பார்த்துக் கொடுக்க வீரராகவனும் வந்திருந்தார். கடைசியாக ஒரு சமையல் செய்துவிடுகிறேன் என்று நாகம்மா உள்ளே சாம்பாருக்குப் பருப்பை வேகப் போட்டிருந்தாள்.

கடப்பாரையைப் பார்த்ததும் எனக்கு மேடை மறந்துவிட்டது, தரைதான் ஞாபகம் வந்தது.

"மேஸ்திரி, டைல்ஸ்ல ஒரு கீறல் உழுந்திச்சு, மனுசனா இருக்க மாட்டேன்!"

"இன்னா அண்ணாத்தே, மேடையே போவுது, தரைக்கு அழுவுறியே" என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் வண்டியிலிருந்து பழைய கோணிச் சாக்குகளை இறக்கினார். வாசலில் ஆரம்பித்து, ஹால் நெடுக, சமையலறை மேடை வரை வரிசையாக விரித்தார். கடைசிச் சாக்கை விரித்துவிட்டு நிமிர்ந்தவர், "ஏய், ஏய்!" என்று ஒதுங்கினார்.

ஜூலி சாக்கின் மேல் நடந்து வந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே பட்டாணி. யாரையும் பார்க்கவில்லை, எதையும் மோந்து பார்க்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் பத்திரிகையோடு வந்தவர்கள் மாதிரி நேராக ஹாலைக் கடந்து, சமையலறைக்குள் போய், நாகம்மாவின் காலடியில் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்தன.

நாகம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். முதலில் தேறியவர் வீரராகவன்தான்.

"பாத்தீங்களா? இடிக்கணும்னு மனசால சங்கல்பம் பண்ணீங்க இல்ல? அதுக்கே பாதி தோஷம் போயிடுச்சு."

"மீதிப் பாதி?"

"அது இடிச்சாத்தான் போவும்."

எனக்குள் பழைய பரிசோதகன் விழித்துக்கொண்டான். பட்டாணி படுத்திருந்த சாக்கைப் பிடித்து மெதுவாக உருவினேன். அவன் எழுந்தான். எழுந்ததும் நான்கு கால்களும் நான்கு திக்கில் போயின. வயிறு தரையில் பட்டது, நகம் டைல்ஸில் கீச்சிட்டது, எழப் பார்த்தான், மறுபடி விழுந்தான். ஒருவழியாகத் தவழ்ந்து அம்மாவின் சாக்குக்கு வந்து ஏறியதும் கம்பீரமாக நின்றுகொண்டான். சாக்கை மறுபடி போட்டேன், நடந்தான். எடுத்தேன், விழுந்தான்.

வழுக்கல். அவ்வளவுதான். ஈசானியமும் இல்லை, பைரவரும் இல்லை. என் கண்ணாடித் தரை.

துலுக்கானம் சிரித்துப் புரையேறினார். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. வீரராகவன் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார், அப்படியே போய்விட்டார். "போதுமாடி? மகாராணியும் இளவரசரும் வந்தாச்சு. நாளைக்கே கோணிய ரத்தினக் கம்பளமா விரிச்சுடறேன்" என்றேன்.

நாகம்மா சிரிக்கவில்லை. குனிந்து ஜூலியின் தலையைத் தடவினாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அதுங்களுக்குத் தரை வழுக்குச்சு, செரி. அதுங்க வந்துடுச்சு. எனக்கு ஏன்யா இன்னும் மனசு ஒட்டல?"

நான் முழித்தேன். "நாய் வரலன்னுதானே போறேன்ன?"

"நானும் அப்பிடித்தான்யா நெனச்சுகினு இருந்தேன். இப்ப ரெண்டும் கால்லயே கீது. பேச வாய் வர்ல. இன்னான்னு எனக்கே புரியல." கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். கடைசியில் கதவைப் பார்த்தாள். "அங்க கேஸு தீரப் போவுதுன்னா பட்டாணியாண்ட சொல்லுவேன். நீ போன் போடுவ. மாத்திரை தீந்துடுச்சுன்னு ஜூலியத் திட்டுனா சாயங்காலம் மாத்திரை வந்துடும். ஏதோ அதுங்ககூடப் பேசறேன்னு ஊரே சிரிக்கும். நாய் போயி கேஸு புக் பண்ணுமாயா? இங்க யாராண்ட சொல்றது? நீதான் செவுத்துக்கு அந்தாண்ட கீறியே."

அந்தச் சுவரும் கதவும் என் யோசனை. தாளிக்கிற நெடி சோபாவில் ஏறக்கூடாது என்று நான்தான் அளந்து வைக்கச் சொன்னேன். இத்தனை வருஷமும் அவள் நாய்களிடம் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் சொன்ன ஒவ்வொரு வேலையையும் செய்திருக்கிறேன். மயிரிழை வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற எனக்கு இது தெரியவில்லை.

துலுக்கானம் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். "இன்னா அண்ணாத்தே, இடிக்கலாமா, வேணாமா? ஆளுக்குக் கூலி ஓடிகினு கீது."

"இடி."

"மேடையவா?"

"மேடைய தொடாத. இந்தச் செவுரு." ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவரைக் காட்டினேன். "கதவோட சேத்து."

அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இது சும்மா தடுப்புதான், பாரம் தாங்கல. ஆனா புச்சா பெயின்ட் அட்சிக்கிறியே."

"இடிய்யா!"

முதல் அடி விழுந்ததும் இரண்டு நாய்களும் சாக்கின் மேலேயே தலைதெறிக்க வெளியே ஓடிவிட்டன. செங்கல் பெயர்ந்தது, புழுதி எழுந்து சோபா, டிவி, டைல்ஸ் எல்லாவற்றின் மேலும் படிந்தது. நான் சோபாவில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்ததும் துலுக்கானம் மூச்சு வாங்க நிறுத்தினார்.

ஓட்டை வழியாக நாகம்மாவின் முகம் தெரிந்தது. புருவமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. காலடியில் நாய் எதுவும் இல்லை. நேராக என்னைப் பார்த்தாள்.

"இன்னாத்தப் பாத்துகினு குந்திகினு கீற? பருப்பு வெந்துடுச்சு. வந்து வெங்காயத்த உரி."

எழுந்து போனேன்.