பின்பாதி

சவர பிளேடால் புத்தகத்தை நடுவில் வெட்டியது தமிழரசுதான்.

மூன்று பாகக் கதையில் அது இரண்டாவது. வானத்தை மறைத்துக் கூரை போட்ட ஒரு நகரம்; அங்கே மழையைப் பார்ப்பது குற்றம். முதல் பாகத்தில் தப்பி வந்த வெண்ணி, உள்ளே விட்டு வந்தவனுக்காக இதில் திரும்பிப் போகிறாள். தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் தமிழரசு உரக்கப் படிப்பான். மனைவி தேவிப்பிரியா பீன்ஸ் நறுக்க மறந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பாதிக் கதையில் அவனை வேலையாக ஜபல்பூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"உன்கிட்ட வுட்டா நாளைக்கே முடிச்சிடுவ" என்று பின்பாதியைப் பெட்டியில் வைத்துக்கொண்டான். "நானும் தொட மாட்டேன். வந்து சேர்ந்து படிக்கலாம்."

ஆவடி குவார்ட்டர்ஸில் முன்பாதியை அவள் நான்கு முறை படித்துவிட்டாள். முதல் பாகம் முழுக்க ஓட்டம்தான். இதில் வெண்ணிக்கு ஏங்கவும் தெரிந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் அவள் இரும்புக் கதவைத் தட்டுகிறாள். 'உள்ளேயிருந்து' என்பதோடு பக்கம் முடிந்துவிடும்.

"இன்னா தேவி, ஸ்கூல் புள்ளைங்க மாதிரி புக்கை வெச்சிகினு பரிட்சைக்கா படிக்கிற?" என்பாள் பக்கத்து வீட்டு ரேணுகா.

"கதை நல்லாருக்குக்கா."

"கதையா, படிச்சுக் காட்ன ஆளா?"

சனிக்கிழமை அவன் லீவில் வருவதாக இருந்தது. வியாழன் மதியம் கூரியர் வந்தது. உறைக்குள் பின்பாதி. வாசலில் நின்றபடியே முதல் வரியைப் படித்தாள். அடுத்த வரிக்குப் போகுமுன்தான் உறைத்தது: நாளை மறுநாள் வருகிறவன் இதை ஏன் அனுப்பினான்?

மாலையில் ஃபோன் செய்தான்.

"புக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. நீங்க?"



"லீவு இல்லன்ட்டாங்க தேவி. இனிமே பொங்கலுக்குத்தான். நீயாச்சும் படிச்சி முடி. எத்தினி நாளு காத்துகினு இருப்ப?"

மடியில் இரண்டு பாதிகளும் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றை அடுக்கி, பூ கட்டி வந்த நாரால் இறுக்கிக் கட்டினாள்.

"ஒரு வரி படிச்சிட்டேன்."

"இன்னா போட்டுகீது? உள்ளாறயிருந்து யாரு வர்றா?"

"பொங்கலுக்கு வாங்க. சொல்றேன்."

"ஏய், அதுவரைக்கும் நான் எப்படி இருக்கறது?"

"நான் இருக்கேன் இல்ல, அதே மாதிரிதான்" என்றாள் தேவிப்பிரியா.