நடுவில் பதினாறு பக்கம்

குன்னத்தில் பத்திரம் எழுதும் வீரமுத்துவுக்கு நீளமான வாக்கியம் என்றால் பயமே கிடையாது. முழுப் பக்கத்துக்கு முற்றுப்புள்ளி இல்லாமல் ஓடும் கிரயப் பத்திரத்தை டீ ஆறுவதற்குள் எழுதி முடித்துவிடுவார். அந்தத் தெம்பில்தான் தொண்ணூற்றெட்டில், ஜெர்மன் ஞானி ஒருவரின் தடித்த நூலைத் தமிழாக்கத்தில் படித்தே தீருவது என்று இறங்கினார். மனம் தன்னைத்தானே அறியப் புறப்பட்டு, படாத பாடு பட்டு, கடைசியில் தன்னிடமே வந்து சேருவதைப் பற்றிய நூல் அது.

துணைக்குச் சின்னதுரை. அரியலூர் சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். திருச்சி நூலகத்துப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து பைண்டிங் செய்து கொண்டுவந்தவர் அவர்தான். ஞாயிறுதோறும் இருவரும் பெரம்பலூரில் ஒரு டுடோரியல் அறையில் உட்கார்ந்துவிடுவார்கள். எழுதிக் கொடுப்பவர் யார், எழுதி வாங்குபவர் யார், நான்கெல்லை எது என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் வீரமுத்து பத்திரமாகவே பிரித்துப் பார்ப்பார். வாரத்துக்கு அரைப் பக்கம் நகர்ந்தால் பெரிய காரியம்.

சில இடங்களில் எழுத்து சம்பந்தமே இல்லாமல் தாவும். சின்னதுரை முழிப்பார். இந்த ஞானி நடக்கிறவர் இல்லை, தாவுகிறவர், நடுவே இருப்பதை நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பார் வீரமுத்து. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் அவர் போடுகிற முடிச்சைப் பார்த்துச் சின்னதுரை வாயடைத்துப் போவார்.

அப்படி முடிச்சுப் போட்ட வாக்கியங்களில் ஒன்று வீரமுத்துவின் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. ‘தன் இழப்பை நேருக்கு நேர் பார்க்கும் மனம்’ என்று ஒரு பக்கம் முடிந்தது. ‘வீடு திரும்பிவிட்டது, இனி அதற்கு அந்நியம் எதுவுமில்லை’ என்று அடுத்த பக்கம் தொடங்கியது. அதைப் படித்த மறுமாதம் அவர் மனைவி மலர்கொடி மஞ்சள்காமாலையில் இறந்துபோனாள்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணன்காரன் கொண்டுவந்து அவள் மேல் போர்த்தியபோது வீடே கதறியது. வீரமுத்து மட்டும் நிமிர்ந்து நின்றார். நேருக்கு நேர் பார்த்தாயிற்று, வீடு திரும்பியாயிற்று என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். உண்மையில் அது ஞானமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மனிதர் மரத்துப் போயிருந்தார், அவ்வளவுதான். சோற்றில் உப்பு இருக்கிறதா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. அதற்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் தெளிவு.

பதினேழு வயது மகள் சுகன்யா அன்று அவரைப் பார்த்த பார்வை மாறவே இல்லை. ஜெயங்கொண்டத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனபின் பொங்கலுக்குக்கூட வரவில்லை. அம்மாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஆள் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவருக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அதற்கும் வருத்தம் வரவில்லை என்பதுதான் கொடுமை.

இரண்டாயிரத்து நாலில் ஒரு ஞாயிறு. சின்னதுரை திருச்சிப் பழைய புத்தகக் கடையில் அதே நூலின் அசல் பிரதியைப் பிடித்து வந்தார். முகம் சரியில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து விரித்தார். பைண்டிங் செய்தவர் நடுவே இருக்க வேண்டிய பதினாறு பக்கத்தைக் கடைசியில் கோத்துவிட்டு, ஓரத்தைச் சமமாக நறுக்கும்போது பக்க எண்களையும் நறுக்கித் தள்ளியிருந்தார். ஆறு வருடம் படித்தும் இருவரும் கடைசிப் பக்கம் வரை போகவில்லை.

“பக்க நம்பர் இல்லாத பத்திரத்த நீங்க தொடக்கூட மாட்டீங்களேண்ணே,” என்றார் சின்னதுரை.

படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான். வீரமுத்து அசலில் அந்த வாக்கியத்தைத் தேடினார். ‘தன் இழப்பை நேருக்கு நேர் பார்க்கும் மனம் முதலில் உடைகிறது. உடையாத மனம் இன்னும் பார்க்கவே இல்லை.’ வீடு திரும்புவது அதற்கப்புறம் பதினாறு பக்கம் தள்ளி இருந்தது.

சின்னதுரை அந்த வரியின் மேல் விரலை வைத்தார். “அப்படின்னா அண்ணிக்கு நீங்க இன்னும் அழுவவே இல்லண்ணே.”

மறுநாளே வீரமுத்து ஜெயங்கொண்டத்துக்கு பஸ் ஏறினார். தவறு தெரிந்துவிட்டது, இனி அழுகை வந்துவிடும், அந்தக் கண்ணோடு மகள் முன்னால் போய் நிற்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அரியலூர் போயிற்று. முந்திரித் தோப்புகள் போயின. கண் காய்ந்தபடியே இருந்தது.

சுகன்யா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வாங்க என்றாள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவர் நின்றபடியே பைண்டிங் தவறை, தாவிய வாக்கியத்தை, கோடி போட்ட அன்று தான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டதை எல்லாம் ஒரு பத்திரத்தைப் படித்துக் காட்டுவது போல் முறையாகச் சொன்னார். அவள் துணியைப் பிழிந்து முடித்தாள்.

“பொண்டாட்டி செத்தா அழுவறதுக்கு புஸ்தகத்துல எழுதியிருக்கணுமாப்பா?”

அவருக்குப் பதில் தயாராக இருந்தது. பைண்டிங்காரர் மேல் போடலாம், தாவுகிற ஞானி மேல் போடலாம். வாயைத் திறந்தார். வேறொன்று வந்தது.

“பக்கம் சரியா இருந்திருந்தாலும் அழுதிருக்க மாட்டேம்மா. பயமா இருந்துச்சு. இப்பவும் வரல.”

அவள் ஈரக் கையோடு அவரையே பார்த்தாள். பிறகு துவைக்கிற கல்லில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார்.

“நீங்க பேசி எனக்குப் புரிஞ்ச மொத வார்த்தை இதாம்ப்பா,” என்றாள். அழுதது அவள்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.