ஒன்றரை மில்லி

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். காலை ஆறரையிலிருந்து மாலை ஐந்து மணி வரை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கியர் கரகரவென்று அரைபடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் இரண்டாவது நாளே ஒரு வசனம் பேசுவார்கள்: "வண்டி சரியில்ல சார்." கேட்டதும் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். பதினெட்டு வருஷமாக, நாளைக்கு மூன்று தடவையாவது சொல்கிறேன். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். விட்டால் பின்னால் வசதியாக மறந்துவிடுவேன்.

பகலெல்லாம் கரகரப்பைத் திட்டுகிறவன், மாலையில் வீட்டுக்கு வந்து அதே கரகரப்பை மடியில் வைத்துக் கொஞ்சுவேன். என்னிடம் ஒரு பேஸ் கிட்டார் இருக்கிறது. நான்கு தடித்த தந்திகள். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை ஃப்ரெட் என்போம். அந்த ஃப்ரெட்டுகளுக்கு மேலே தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் வாசிப்பவனுக்கும் வாத்தியத்துக்கும் உள்ள உறவு. உயரமாக இருந்தால் ஒலி சுத்தமாக வரும், விரல் வலிக்கும். தாழ்த்தினால் விரல் வைத்த மாத்திரத்தில் சுரம் வந்து நிற்கும். இன்னும் தாழ்த்தினால் தந்தி அதிரும்போது ஃப்ரெட்டில் உரசி, ஸ்ர்ர் என்று ஒரு முனகல் சேர்ந்துகொள்ளும். விஷயம் தெரிந்தவர்கள் அதைக் கோளாறு என்பார்கள். எனக்கு அந்த முனகல்தான் உயிர். அது இல்லாத பேஸ், முதல் தடவை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ரொம்ப மரியாதையாகப் பேசும்.

"தகர டப்பாக்குள்ள ஈ மாட்டிக்கிச்சு" என்பாள் என் மனைவி. கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பேன். ஐம்பதை நெருங்கும் ஆள், ஒரு சத்தத்தைப் பிடித்திருக்கிறது என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு.

வெளியே எடுத்துப்போகும்போது தந்தியை உயர்த்தி வாங்கிக்கொள்வேன். சனிக்கிழமைகளில் ஒரு ஹோட்டலில் நாங்கள் நாலு பேர் வாசிப்போம். அங்கே மரியாதையான பேஸ்தான். என் உண்மையான சத்தத்தைக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி மனைவி. இன்னொருவன் அவள் தம்பி, அந்த உயரத்தை எனக்கு வைத்துக் கொடுப்பவன்.

அவனை வீட்டில் மில்லி என்றுதான் கூப்பிடுவோம். எதையும் மில்லிமீட்டரில்தான் சொல்வான். தோசைக்கல் என்ன, கதவிடுக்கு என்ன, எல்லாவற்றுக்கும் ஒரு அளவு வைத்திருப்பான். ஒரு இசைக்கருவிக் கடையின் பின்புற அறையில், ஜன்னல் இல்லாத இடத்தில், பன்னிரண்டு வருஷமாகக் கிட்டார்களைச் சரிபார்க்கிறான். என்னுடையதைத் தவிர, அவன் கை பட்ட கிட்டாரில் ஒரு முனகல் இருக்காது. ஊரில் வாசிக்கிறவர்களுக்கெல்லாம் அவன் வேலை தெரியும், முகம் தெரியாது. கடை முதலாளியின் பெயர்தான் வெளியே.

போன மாதம் அவனுக்கு ஒரு வழி திறந்தது. நகரத்திலேயே பெரிய ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் இருபதுக்கு மேல் கிட்டார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஓர் ஆள் தேடினார்கள். அங்கே இருந்த சவுண்ட் இன்ஜினியர், முப்பது வயது கூட ஆகாத ஒரு பெண், இவன் வேலையைக் கேள்விப்பட்டு, திங்கட்கிழமை வந்து பேசச் சொன்னாள். இவன் சும்மா இருந்திருக்கலாம். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஒரு பதிவுக்கு பேஸ் ஆள் வேண்டும் என்று அவள் சொன்னபோது, என் அக்கா வீட்டுக்காரர் நன்றாக வாசிப்பார் என்று என்னை மாட்டிவிட்டான். மாட்டிவிட்டது நான்தான் என்பது பிறகு தெரியும்.

வியாழக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு வந்து பேஸை மடியில் வைத்து, அளவுத்தகட்டைத் தந்திக்கு அடியில் நுழைத்துப் பார்த்தான். ஒன்றரை மில்லி. ஸ்டுடியோவுக்குப் போவதென்றால் ஒரு மில்லி ஏற்றித் தருகிறேன் என்றான். நான் அன்றைக்குப் பெரிய வீரனாக இருந்தேன். முதல் தடவையாக ஒரு ரெக்கார்டிங்கில் என் சத்தம் பதிவாகட்டும் என்று ஆசை. தொடாதே என்றேன்.

அவன் தயங்கினான். "அவங்க திங்கட்கிழமை என்னைப் பாக்கறதுக்கு முன்னாடி என் வேலையத்தான் பாப்பாங்க, அத்தான். இது என் வேலைன்னு அவங்களுக்குத் தெரியும்."

"யாராச்சும் கேட்டா, நான்தான் இப்படிக் கேட்டேன்னு சொல்றேன். நீ வேணாம்னுதான் சொன்னேன்னும் சொல்றேன். போதுமா?"

போதும் என்றான். அக்கா புருஷன் சொன்னால் அவனுக்குப் போதும்.

வெள்ளிக்கிழமை ஸ்டுடியோவில் இரண்டு முறை வாசித்தோம். பதிவானதைக் கேட்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அறைக்குக் கூப்பிட்டார்கள். ட்ரம்ஸ்காரர், கீபோர்டு வாசிப்பவர், பாட்டுக்கு மெட்டமைத்தவர், நான். எல்லாரும் பெரிய ஸ்பீக்கர்களுக்கு முன்னால் நின்றோம். இன்ஜினியர் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு பேஸை மட்டும் தனியாக ஓட விட்டாள்.

ஆளுயர ஸ்பீக்கரில் என் ஈ. என் வீட்டு அறையில் அது முனகல். அங்கே அது ஆளைப் பிடித்து உலுக்கியது. ட்ரம்ஸ்காரர் கீபோர்டுகாரரைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரித்தாரா என்றுகூட எனக்கு இன்றுவரை தெரியாது. உள்ளாடையோடு நடுத்தெருவில் நின்ற மாதிரி எனக்குக் காது மடல் சுட்டது.

இன்ஜினியர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் ஒருவேளை வீம்புக்காவது உண்மையைச் சொல்லியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"சார், பேஸ்ல ஒரு கரகரப்பு இருக்கே. தெரிஞ்சேதான் இப்படி வெச்சிருக்கீங்களா, இல்ல செட்டிங்ல கோளாறா?"

ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். அந்தப் பெண்ணே எடுத்துக் கையில் கொடுத்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"மச்சினன் வெச்சது. ரொம்ப இறங்கிப் போச்சேன்னு நான் அப்பவே சொன்னேன்."

பேசாமல் இருந்திருந்தாலாவது கோழை என்று விட்டுவிடலாம். அந்த இரண்டாவது வாக்கியத்தை யார் கேட்டார்கள்? அவன் எனக்குச் சொன்னதைத் திருடி, நான் அவனுக்குச் சொன்னதாக மாற்றி வைத்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஸ்டுடியோவின் பேஸைக் கொடுத்தாள். தந்திகள் மலை மேல் இருந்தன. விரல் நுனி கன்றிப்போக, ரொம்ப மரியாதையாக வாசித்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பேஸை அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ஸ்டுடியோவில் கொஞ்சம் ஏற்றச் சொன்னார்கள் என்றேன். வேறு ஏதாவது கேட்டார்களா என்றான். இல்லை என்றேன். நாளைக்குப் போட்டுக்கொண்டு போகப் புதுச் சட்டையை அறைக் கதவின் பின்னால் மாட்டி வைத்திருந்தான். அதைப் பார்த்த பிறகும் வாய் திறக்கவில்லை. எனக்கு வாய் எதற்கு?

திங்கட்கிழமை சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே மனைவி சொன்னாள். "தம்பிக்கு அந்த வேலை கிடைக்கல. யாரோ ஒருத்தர் கிட்டார்ல இவன் தப்பாப் பண்ணிட்டானாம், அவனே சொன்னான். நீங்க அவன்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. நொந்து போயிருக்கான்."

யாரோ ஒருத்தர் கிட்டார். அவன் தன் அக்காவிடம்கூட யாருடையது என்று சொல்லவில்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், அதுவும் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பகலில் ஒரு வகுப்பை ரத்து செய்துவிட்டு, கூரையில் மஞ்சள் பலகை வைத்த பயிற்சி வண்டியிலேயே ஸ்டுடியோவுக்குப் போனேன். இன்ஜினியர் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த உயரத்தைக் கேட்டது நான், வேண்டாம் என்றது அவன், அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும், சொல்ல வெட்கப்பட்டேன், பொய் சொன்னேன். வேலைக்கு மனு போட வந்தவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்.

அவள் கேபிளைக் கீழே வைத்தாள். "அவர்கிட்ட நேராவே கேட்டேனே சார். உங்க அத்தான் அப்பவே சொன்னாராமேன்னு கேட்டேன். கையில இருந்த அளவுத்தகட்டைப் பையில போட்டுக்கிட்டார். அப்புறம், ஆமா, என் தப்புதான்னார்."

அவள் மறுபடி கேபிளை எடுத்துச் சுற்றத் தொடங்கினாள்.

"தெரிஞ்சே வெச்சதுன்னு நீங்க சொல்லியிருந்தா, அப்படியேதான் எடுத்திருப்பேன். அந்தப் பாட்டுக்கு அது நல்லா இருந்துச்சு. அதனாலதான் கேட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, இடம் நேற்றே வேறு ஒருவருக்குப் போய்விட்டது, கையெழுத்தும் ஆகிவிட்டது என்றாள்.

அங்கிருந்து நேரே கடையின் பின்புற அறைக்குப் போனேன். மில்லி ஒரு ஃப்ரெட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஸ்டுடியோவுக்குப் போய் எல்லாம் சொல்லிவிட்டேன் என்றேன். மன்னிச்சிடுடா என்றேன். அந்த வார்த்தையை அவனிடம் அதுவரை நான் சொன்னதே இல்லை. ஏண்டா அப்படிச் சொன்னாய் என்றும் கேட்டேன், என்னமோ தப்பு அவன் மேல் இருப்பது போல.

அரத்தைத் துடைத்து வைத்தான். "நீங்க ஒண்ணு சொல்லிட்டு வந்திருக்கீங்க. வேலை தேடிப் போன இடத்துல உட்காந்து, எங்க அத்தான் பொய் சொல்றார்னு எப்படிச் சொல்றது?"

பிறகு மூலையில் இருந்த என் பேஸை உறையோடு எடுத்து வந்து கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமையே ஏற்றிவிட்டானாம். நேற்று ஸ்டுடியோவிலிருந்து திரும்பி வந்து வாசித்துப் பார்த்தானாம். சுத்தமாக இருந்ததாம்.

"ஆனா உங்க சத்தம் இல்ல. பழையபடி ஒன்றரைக்கே இறக்கிட்டேன்." உறையின் ஜிப்பை இழுத்து மூடினான். "இனிமே யாராச்சும் கேட்டா, யார் வெச்சதுன்னு மட்டும் சொல்லாதீங்க அத்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. ஓர் அளவைச் சொல்வது போலச் சொன்னான். திரும்ப அரத்தை எடுத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் பேஸ் உறைக்குள்ளேயே கிடந்தது. என்ன, இன்றைக்கு ஈயைக் காணோம் என்று மனைவி கேட்டாள். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. எழுந்து போய்த் தம்பிக்கு போன் போட்டாள், கதவைச் சாத்திக்கொண்டு.

மறுநாள் காலை முதல் வகுப்புக்கு ஒரு தையல்காரம்மா வந்தார். மூன்றாவது திருப்பத்தில் கியர் கரகரவென்று அரைபட்டது. "வண்டில ஏதோ கோளாறு சார்" என்றார். பழமொழி நாக்கு நுனி வரை வந்தது.

"பரவாயில்லம்மா, மறுபடி போடுங்க" என்றேன்.