எண்பது முறை உருண்ட பென்சில்கள்

லிஃப்ட் கதவு மூடியதும் அக்கா பென்சில் டப்பாவை நழுவவிடுவாள். பென்சில்கள் நாலாபக்கமும் உருளும். ஏறியவர் குனிந்து பொறுக்கினால் லிஃப்ட்காரர் அட்டையில் ஒரு கோடு போடுவார். மேல்மாடியில் காத்திருக்கும் தங்கை, இறங்குபவரிடம் இது ஆய்வு என்று சொல்லி, அவரைக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்பாள். அவளுடைய பட்டத்துக்கான வேலை இது. வீட்டில் அவளுக்குப் பெயரே 'ஆராய்ச்சி'.

அவள் ஊகம் எளிமையானது. ஒருவர் மட்டும் இருந்தால் பொறுப்பு முழுதும் அவர் தலையில் விழும். நாலு பேர் இருந்தால், வேறு யாராவது எடுப்பார்கள் என்று ஒவ்வொருவரும் சும்மா நிற்பார்கள். இதைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் காசைச் சுண்டினாள். பூ விழுந்தால் வகுப்புத் தோழர்கள் மூவர் கூட ஏறிக் கல்லாக நிற்பார்கள். தலை விழுந்தால் ஏறமாட்டார்கள். காசு எதற்கு? நாமே தேர்ந்தெடுத்தால், நம்மை அறியாமலே சிடுமூஞ்சிகளையெல்லாம் கூட்டத்தோடு ஏற்றிவிடுவோம். காசுக்கு ஆசை கிடையாது.

எண்பது பயணங்கள் முடிந்தன. தனியாக வந்த நாற்பது பேரில் முப்பத்துநாலு பேர் பொறுக்கினார்கள். கூட்டத்தோடு வந்த நாற்பது பேரில் ஒன்பதே பேர். ஆராய்ச்சிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அட்டையைக் கொடுக்கும்போது லிஃப்ட்காரர் சும்மா ஒரு வார்த்தை சொன்னார்.

"உங்க அக்கா நல்லா நடிக்கறாங்கம்மா. ஒருத்தர் மட்டும் இருந்தா 'அடடா'ன்னு அவர் முகத்தையே பாக்கறாங்க. கூட்டம் இருந்தா மட்டும் வாயே திறக்கறதில்ல."

அக்காவுக்கு அது தெரியவே தெரியாது. தையல் கடையைப் பகலெல்லாம் பூட்டிவிட்டு வந்தவள். தங்கையின் ஊகமும் தெரிந்தவள். தங்கை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை அவள் கண்ணிலும் வாயிலும் தானாக வழிந்திருக்கிறது. காசுக்கு இல்லாதது அக்காவுக்கு இருந்தது.

ஆய்வை ஒப்படைக்கப் பதினான்கு நாட்களே மீதி. தவறினால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். உறுதியாகியிருந்த வேலையும் போய்விடும். கடைசிப் பக்கத்தில் குறை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார் பேராசிரியர்.

"அப்ப நான் அளந்தது அவங்க உதவிய இல்ல சார், எங்க அக்காவோட பாசத்த," என்றாள். அட்டைகளைக் கட்டி ஓரம் வைத்தாள்.

விஷயம் தெரிந்ததும், மறுநாள் அக்காவே வழி சொன்னாள். ஊகம் தெரியாத ஆள்தானே வேண்டும்? அவள் புருஷன் இருக்கிறாரே. குழாய் ரிப்பேர் பார்ப்பவர். கேள்வி கேட்டால் வேலை கூடும் என்பது அவர் கொள்கை. கல்யாணப் பேச்சிலேயே பெண்ணின் பெயரைக் கேட்காதவர்.

மாமா தினமும் எட்டுப் பயணம் போனார். டப்பாவை விட்டதும் கண் தரையில், வாய் மூடி. தங்கை கேட்டது அவ்வளவுதான். அக்கா அந்தப் பக்கமே வரவில்லை. பத்து நாளில் எண்பதும் முடிந்தன. இம்முறை தனியாக வந்தவர்களில் இருபத்தேழு பேர், கூட்டத்தில் பதினெட்டு.

"இவ்ளோதானா வித்தியாசம்?" அக்காவின் முகம் சுருங்கியது.

"சின்னதுதான்க்கா. ஆனா இது அவங்க செஞ்சது. நாம செஞ்சது இல்ல."

பழைய அட்டைகள் ஏன் கழிக்கப்பட்டன என்பதையும் சேர்த்து எழுதி, கெடுவுக்கு முந்தைய நாள் ஒப்படைத்தாள். அன்றைக்குத்தான் மாமா முதல்முறையாக வாயைத் திறந்தார். எதற்குப் பென்சில் கொட்டினோம் என்று இப்போதாவது சொல்லக் கூடாதா என்றார். யார் அதிகம் பொறுக்கியிருப்பார்கள் என்று அவரையே ஊகிக்கச் சொன்னாள் தங்கை.

"கூட்டத்துலதான். நாலு பேர் பாக்கறாங்கல்ல."

முடிவைச் சொன்னாள். மாமா உதட்டைப் பிதுக்கினார்.

"அதான் எல்லாருக்கும் தெரிஞ்சதாச்சே. இதுக்கா பத்து நாள்?"

அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆராய்ச்சியோ தன் நோட்டைத் திறந்து, புதுப் பக்கத்தில் மாமா சொன்ன இரண்டு பதில்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டாள்.