இடது கால் கொஞ்சம் பெரியது

ஷூக்கடைக்காரருக்கு அக்கா மகன் ஒருவன் இருந்தான். அவன் என்ன வேலை பார்க்கிறான் என்பது பெற்றவளுக்கே விளங்கவில்லை. சம்பளம் வருகிறது என்பதால் யாரும் கிளறவில்லை. மூழ்குகிற கடைகளுக்கு யோசனை சொல்வது தன் தொழில் என்பான். அதாவது, கரையில் உட்கார்ந்துகொண்டு, மூழ்குகிறவனுக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுப்பது. கரைக்கு எப்படி வருவது என்பது மட்டும் பாடத்தில் இல்லை.

ஒரு நாள் வந்தான். காலி நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான்.

"மாமா, நீங்க விக்கிறது ஷூ இல்ல. அனுபவம்."

"அதான் பெட்டியில அடங்க மாட்டேங்குதா?"

"சிரிக்காதீங்க. இங்க வந்து போட்டுப் பாத்து அளவு தெரிஞ்சுக்கிறாங்க. வாசல் தாண்டுறதுக்குள்ள போன்ல ஆர்டர் போட்டுடுறாங்க."

பொய்யில்லை. வாசல் தாண்டும்வரைகூடச் சிலருக்குப் பொறுமை கிடையாது. போன வாரம் ஒரு பெரிய மனிதர் அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆர்டர் போட்டுவிட்டு, "உங்களை மாதிரி கடைகள் அழியவே கூடாது சார்" என்று கண்கலங்கக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

மருமகனின் யோசனை இதுதான். ஆன்லைன் கம்பெனியோடு பேசி, கடையில் பாதியைப் பார்சல் கொடுக்கும் இடமாக்குவது. பகலில் வீட்டில் ஆளில்லாதவர்கள் இங்கே வந்து வாங்கிக்கொள்வார்கள். பிடிக்காததை இங்கேயே திருப்பிக் கொடுப்பார்கள்.

கழுத்தறுத்தவனுக்குக் கத்தியைத் துடைத்துக் கொடுக்கச் சொல்கிறாயா என்று கேட்கக் கடைக்காரர் வாயெடுத்தார். அதற்குள் அவன், "இந்த ஏரியாவுல எல்லாரும் என்னைக்காவது உங்க படி ஏறியே ஆகணும்" என்றான்.

"எல்லாருமா?"

"எல்லாரும், மாமா."

கடைக்காரர் சரி என்றார். தன் வாதத்திறமைக்கு விழுந்துவிட்டார் என்று மருமகன் நாலு பேரிடம் பீற்றிக்கொண்டான்.

அவர் விழுந்தது இரண்டு கால்களுக்கு.

பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருக்கும் ஓர் அம்மாவின் கால்கள். இடது கால் வலதைவிடக் கொஞ்சம் பெரியது. பழைய ஜோடி தேய்ந்ததும் வந்து, நாளெல்லாம் நின்ற களைப்போடு உட்காருவார். கடைக்காரர் முட்டி போட்டு, இடது காலுக்கு ஏற்ற ஷூவை மாட்டி, வலதுக்குள் மெல்லிய தோல் அட்டை ஒன்றை வெட்டி வைப்பார். அந்த நேரமெல்லாம் அந்த அம்மா டாக்டர்கள் மேல் புகார் சொல்லிக்கொண்டிருப்பார். உலகத்தில் வேறெந்தப் புகாரும் கடைக்காரருக்கு அத்தனை இனித்ததில்லை.

இவர் கல்யாணமே பண்ணாதவர். அந்த அம்மாவும் தனியாள்தான். ஆனால் நர்ஸ் என்றால் ஊரே 'சிஸ்டர்' என்றுதானே கூப்பிடும். இவரும் முதல் நாளே அப்படிக் கூப்பிட்டுத் தொலைத்தார். பிறகு மனசு வேறு மாதிரி கூப்பிடப் பார்த்தபோதும் வாய் கேட்கவில்லை.

அக்காவுக்கு எல்லாம் தெரியும். "உனக்கு மூஞ்சியப் பாத்துப் பொண்ணு தேடினது எங்க தப்புடா. பாதத்தப் பாத்துத் தேடியிருக்கணும்" என்பாள்.

அப்புறம் அந்த அம்மா வருவது நின்றுபோனது. தெருவில் எதிர்ப்பட்டால் சிரிப்பார். சிரித்துவிட்டு நடையைக் கூட்டுவார். நடக்கிற காலில் வேறு எவனுடைய ஷூவோ இருக்கும்.

பார்சல்கள் வந்தன. யார் யாரோ படியேறினார்கள். ஒரு நாள் சாயங்காலம் அந்த அம்மாவே வந்தார்.

"வாங்க சிஸ்டர்."

"நல்லா இருக்கீங்களா? இங்கதான் வாங்கிக்கணும்னு மெசேஜ் வந்துச்சு."

"ஓடிபி சொல்லுங்க."

அந்த அம்மாவிடம் அவர் அதுவரை கேட்டவற்றிலேயே அந்தரங்கமானது அந்த நம்பர்தான்.

"ஷூதான்" என்றார் அந்த அம்மா, பெட்டியைப் பார்த்தபடி. "தப்பா நினைக்காதீங்க. போன்ல காலப் படம் எடுத்து அனுப்பினா, ரெண்டு காலுக்கும் தனித்தனி அளவுல செஞ்சு தர்றாங்களாம். எனக்கு நம்பிக்கை இல்ல. சரியில்லன்னா இங்கயே திருப்பிக் கொடுத்துட்டு, மாத்தி அனுப்புறத மறுபடி வந்து வாங்கிக்கலாமாம். போட்டுப் பாத்துட்டே போகட்டுமா?"

மறுபடி. அந்த வார்த்தை கடைக்காரருக்குள் இறங்கிச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது.

முட்டி போட்டார். மூட்டு சத்தம் போட்டு ஆட்சேபித்தது. பழைய ஷூவைக் கழற்றினார். சுண்டு விரலில் பிளாஸ்திரி. புதியதை மாட்டிவிட்டு விரல் நுனியை அழுத்தினார், குதிகாலைப் பிடித்துப் பார்த்தார். சம்பள உயர்வு கேட்டவனிடம் மேலதிகாரி குற்றம் தேடுகிற மாதிரி, ஒரு குறை, ஒரே ஒரு குறை தேடினார். பாவிகள் ஒன்றுகூட வைக்கவில்லை.

"நடக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாம் முதல் நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார் அந்த அம்மா. "நீங்க சொல்லுங்க. வச்சுக்கவா, திருப்பவா? உங்க கண்ணுக்குத் தெரியாததா?"

'குதிகால் கடிக்கும்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். திருப்பிக் கொடுக்க ஒரு வருகை, மாற்றியதை வாங்க ஒரு வருகை. அதிலும் ஏதாவது சொல்லலாம். கம்பெனிக்காரனுக்குத்தானே நஷ்டம், அவனுக்காக அழ யார் இருக்கிறார்கள்?

பிளாஸ்திரி ஒட்டிய விரல் புது ஷூவுக்குள் நிம்மதியாக நீட்டிப் படுத்திருப்பது அவர் கட்டைவிரலுக்குத் தெரிந்தது.

"வச்சுக்கோங்க சிஸ்டர். நான் அட்டை வெட்டி வச்சாலும் இவ்வளவு சரியா வராது."

அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. "நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன. அளவு அவங்ககிட்ட இருக்கறதால, இனிமே நேரா ஆஸ்பத்திரிக்கே வரவழைச்சுக்கறேன். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

"எனக்கென்ன சிரமம்" என்றார் கடைக்காரர். அதற்குள் அந்த அம்மா புது ஷூவோடே படியிறங்கிவிட்டார்.

கடைக்காரர் வாசலுக்கு வந்து நின்றார். அவர் கொடுத்த ஷூக்களில்கூட அந்த நடையில் இடது பக்கம் துளி சாய்வு இருக்கும். இன்று அதுவும் இல்லை. கடைக்குள்ளிருந்து யாரோ, "சார், என் பார்சல்!" என்று கூப்பிட்டார்கள். அந்த அம்மா தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம்.